அளவுக்காரரின் இடது கால்

செருப்புக் கடைக்கு வருகிறவர்களில் பொய் சொல்லாத ஆள் கிடையாது என்பார், அங்கே கால் அளந்து ஷூ மாட்டிவிடும் அளவுக்காரர். விற்கிறவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் கதை வேறு. வாங்க வருகிறவர்களைத்தான் சொன்னார். புது ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பவரிடம் "இடிக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இல்லையே, சரியா இருக்கு" என்பார். உள்ளே சுண்டுவிரல் நசுங்கி உயிரை விட்டுக்கொண்டிருக்கும். ஏன் இந்தப் பொய்? எதிரே ஒரு மனிதர் முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, பெட்டி மேல் பெட்டியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாதாம். இந்த நல்லெண்ணத்தால் ஊரில் எத்தனை குதிகால்கள் கொப்புளித்துக் கிடக்கின்றன என்று ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

அதனால் அவர் "இடிக்குதா?" என்று யாரிடமும் கேட்டதில்லை. "அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வாங்க" என்பார். திரும்பி வந்ததும், "எங்க இடிக்குது?" என்பார். அவ்வளவுதான். இடிக்கிறது என்பதை அவரே முடிவு செய்துவிட்டதால் எதிராளிக்கு மறைக்க ஒன்றும் இருக்காது. இடம் மட்டும்தான் பாக்கி. மனிதர் தன் காலுக்குள் இறங்கி, ஒவ்வொரு விரலாகத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்து உண்மையைச் சொல்வார். எங்கும் இடிக்கவில்லை என்றால் அதையும் தேடிப் பார்த்தபிறகுதான் சொல்வார். அந்த 'இல்லை' வேறு மாதிரி இருக்கும்.

அவருக்கு மனைவி வாய்த்ததும் இந்தக் கேள்வியால்தான். குடிநீர் அலுவலகத்தில் தொலைபேசியில் புகார் வாங்கும் வேலை அவளுக்கு. ஒரு நாள் ஷூ வாங்க வந்தாள். போட்டாள், கதவு வரை போனாள், வந்தாள்.

"எங்க இடிக்குது?"

"உங்க கேள்விதான் இடிக்குது" என்றாள்.

பிறகு, வலது குதிகாலில் என்று ஒப்புக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "நாள் முழுக்க ஊரார் புகாரைக் காதுல வாங்கறவ நான். என் புகாரை ஒரு மனுஷன் கேட்டு வாங்கினது அன்னைக்குத்தான். சரி, இந்த ஆளை விட்டா நமக்கு ஆள் கிடைக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

இப்படிப்பட்டவருக்குத்தான் இடது கால் போயிற்று. போயிற்று என்றால் வெட்டிவிடவில்லை. இருந்துகொண்டே போயிற்று.

கடையின் மாடியில் கிடங்கு. உச்சித் தட்டில் இருந்த ஒரு பெட்டிக்காக ஏணியில் ஏறினார். ஏணி ஒரு பக்கம் வழுக்க, பெட்டிகளோடு பெட்டியாகக் கீழே வந்து சேர்ந்தார். கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "அருமையா சேர்ந்திருக்கு" என்று தன் வேலையைத் தானே ரசித்தார். படத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலில்தான் நன்றாக இல்லை. எலும்பு ஆறியது, தோல் ஆறியது. உள்ளே ஏதோ ஒரு நரம்பு மட்டும் ஆற மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

பாதத்தின் மேல் பக்கம் நெருப்பாக எரியும். காயம் எதுவும் இல்லை, சிவப்புகூட இல்லை. மின்விசிறிக் காற்று பட்டால் எரியும். குளிக்கும்போது தண்ணீர் பட்டால் எரியும். படுக்கும்போது போர்வையின் எடையைக்கூடத் தாங்க முடியாது. அவர் மனைவி யோசித்துப் பார்த்து, அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடையை எடுத்து வந்து காலின்மேல் கவிழ்த்து, அதற்கு மேல் போர்வையைப் போர்த்திவிட்டாள். கோழியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அந்தக் காலுக்குக் கோழி என்றே பெயர். "கோழி என்ன சொல்லுது?" என்பாள். "கொத்துது" என்பார் இவர்.

மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். வலி போகவில்லை, மூளை போயிற்று. அந்த மயக்கத்தில் ஒரு பெண்மணிக்கு இரண்டு இடது கால் ஷூக்களை அழகாகக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தம்மா திரும்பி வந்து பேசிய பேச்சைக் கடையில் வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

வலது காலில் ஷூ, இடது காலில் மேல் பட்டையை வெட்டி எடுத்த செருப்பு. இப்படித்தான் அவர் கடையில் நின்றார். முதலாளி நல்ல மனிதர்தான். அப்பா நடத்திய கடையை எடுத்து நடத்துகிற பிள்ளை, இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் பக்கத்தில் வந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டே ஆரம்பித்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. ஷூ விக்கிறவரே ஒத்தைக் கால்ல செருப்போட நின்னா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"கால்ல வலின்னு நினைப்பாங்க."

"நம்ம ஷூவைப் போட்டதால வந்த வலின்னு நினைச்சுட்டா?"

அளவுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்துக்குள்ள ரெண்டு கால்லயும் ஷூ வந்துடணும். இல்லைன்னா மேல கிடங்கைப் பார்த்துக்கங்க. சம்பளம் அதேதான், உட்கார்ந்த வேலை. முடியும் இல்லையா?"

"முடியும்" என்றார் அளவுக்காரர்.

வீட்டில் மனைவி கேட்டாள். "கிடங்குல என்ன கெட்டுப் போச்சு? நிம்மதியா காலை நீட்டி உட்காரலாமே."

"அங்க பெட்டிதான் இருக்கு. பெட்டியைக் கதவு வரைக்கும் போயிட்டு வான்னு சொல்ல முடியுமா?"

அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இந்த ஆளை மனிதர்கள் இல்லாத ஓர் அறையில் வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே இருக்கிற பிரிவில் ஒரு சோதனைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிய வந்தது. இரண்டு பேரும் போனார்கள். வலி டாக்டர் நடுவயதுப் பெண்மணி, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையில் தேடுகிறவர். அவர் விளக்கியது அளவுக்காரருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

"உங்க நரம்பு அடிபட்டப்போ மணி அடிச்சுது. அது சரி. இப்போ வாசல்ல யாருமே இல்ல, ஆனா காலிங் பெல் அமுங்கினது அமுங்கினபடி ஒட்டிக்கிச்சு. கால்ல மருந்து தடவி பிரயோஜனம் இல்ல. மணிச் சத்தம் மூளைக்குப் போற வழியில, முதுகுத்தண்டுக்குள்ள, அதை அமுக்க முடியுமான்னு பார்க்கிறோம்."

"எதை வச்சு அமுக்கறது?"

"ஒரு ஹார்மோன். ஆக்ஸிடோசின்னு பேரு. பிரசவத்தப்போ கர்ப்பப்பை சுருங்கவும், அப்புறம் பால் இறங்கவும் உடம்பு தானா சுரக்கிறது. தண்டுவடத்தைச் சுத்தி இருக்கிற நீர்ல அதை ஊசியால விடப் போறோம். வலி குறையும்னு நான் சொல்லல. குறையுதான்னு பார்க்கிறோம்."

மனைவி குறுக்கிட்டாள். "டாக்டர், இவருக்குப் பால் கீல் சுரந்துடாதே?"

"இது வரைக்கும் யாருக்கும் சுரக்கல" என்றார் டாக்டர், சிரிக்காமல். பிறகு சிரித்துவிட்டார்.

"நம்ம பொண்ணு பிறந்தப்போ வெளிய நின்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்க இல்ல, இப்போ உங்க முறை" என்று கணவரின் முழங்கையில் இடித்தாள் அவள்.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஊசி இரண்டு முறை, நடுவில் சில வாரங்கள் இடைவெளி. ஒரு முறை ஹார்மோன், ஒரு முறை வெறும் உப்புத் தண்ணீர். எது முதலில் என்று அவருக்குச் சொல்ல மாட்டார்கள். மருந்து கலக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் வேறு அறையில் இருப்பார்.

"உங்களுக்கும் தெரியாதா டாக்டர்?"

"தெரியாது. தெரிஞ்சா என் முகமே காட்டிக் கொடுத்துடும். நீங்க என் முகத்தைப் பார்த்து பதில் சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க."

அளவுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, முகம் வாங்குபவரின் கண்ணில் படாமல் காலை மட்டும் பார்க்கும் தன் பழக்கத்துக்கு இதுவும் உறவுதான் என்று தோன்றியது. சேர்ந்துகொள்கிறேன் என்றார்.

முதல் முறை போகும்போது ஒரு துணிப்பையில் இடது கால் ஷூ ஒன்றை எடுத்துக்கொண்டார். கறுப்பு ஷூ, லேஸ் வைத்தது, அவருடைய அளவு. வலி குறைந்தால் அங்கேயே போட்டுப் பார்த்துவிடுவது என்று திட்டம்.

ஊசி போட்டபோது அவர் எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் இல்லை. ஒருக்களித்துப் படுத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இறால் மாதிரி சுருண்டுகொள்ளச் சொன்னார்கள். கீழ்முதுகு மரத்துப் போக ஓர் ஊசி, பிறகு இன்னோர் ஊசி, ஓர் அழுத்தம். முடிந்தது. அதற்குப் பிறகுதான் வேலையே. ஒரு சின்ன வயது நர்ஸ் நேரம் தவறாமல் வந்து, "ஐயா, இப்போ வலி எவ்வளவு? பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாதது" என்று கேட்பாள். அப்புறம் தூண்டில் நரம்பு போல் இருக்கும் ஒரு நைலான் நூலின் நுனியால் பாதத்தைத் தொட்டுக்கொண்டே வந்து, எரிச்சல் தொடங்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வைப்பாள். புள்ளிகளைச் சேர்த்தால் காலின்மேல் ஓர் எல்லைக்கோடு வரும்.

ஊசிக்கு முன் "ஏழு" என்றிருந்தார். பிறகு அந்த நர்ஸ் வந்து கேட்டாள். கேட்கும்போது அவள் கண் விரியும். புது வேலை போலிருக்கிறது, எல்லாவற்றிலும் ஓர் ஆவல். இவர் "ஆறு" என்றார். அவள் முகம் மலர்ந்தது. அடுத்த முறை "அஞ்சு." அதற்கடுத்து "நாலு." கடைசியில் "மூணு" என்றபோது அவள் "நல்லது ஐயா!" என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டது போல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எல்லைக்கோடும் அவருடைய நல்லெண்ணத்துக்குத் தகுந்தபடி கொஞ்சம் உள்ளே வந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிறகு மடியில் இருந்த பையைத் தட்டினாள்.

"மூணுன்னு சொன்னீங்க இல்ல?"

"ஆமா. நல்லா குறைஞ்சுது."

"அப்புறம் ஏன் இந்த ஷூவை வெளிய எடுக்கல?"

"மறந்துட்டேன்."

"செருப்புக் கடைக்காரர் ஷூவை மறந்துட்டாராம். என்கிட்ட ஃபோன்ல புகார் சொல்றவங்ககூட இதைவிட நல்லா புளுகுவாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. "நீதான் எல்லாத்தையும் நோண்டிப் பார்ப்பே. என் கால், என் வலி, மூணுன்னா மூணு."

"சரிங்க, மூணுதான். நான் ஒண்ணும் சொல்லல" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்.

சில நாள் கழித்து ஒரு பெரிய உடம்புக்காரர் கடைக்கு வந்தார். போட்டார், கதவு வரை போனார், வந்தார். வேலை மும்முரத்தில் அளவுக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சரியா இருக்குங்க, ரொம்ப நல்லா இருக்கு, கட்டிடுங்க" என்றார். முகம் முழுக்க சிரிப்பு. ஆனால் அவர் எடையெல்லாம் ஒரே காலின்மேல் இருந்தது.

அளவுக்காரர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று யோசித்தபோது தெரிந்தது. ஆஸ்பத்திரியில், தன்னுடைய முகத்தில்.

இதில் அவருக்கு வியப்பாக இருந்தது ஒன்று உண்டு. தான் பொய் சொன்னோமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. மூன்று என்று சொன்ன நேரத்தில் அது மூன்று போலத்தான் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததும் காலும் கொஞ்சம் ஆறியதாகப் பட்டது. ஷூவைப் பையிலிருந்து எடுக்காத கை மட்டும் வேறு ஏதோ தெரிந்துவைத்திருக்கிறது. அப்படியானால் இத்தனை வருஷமாக "சரியா இருக்கு" என்றவர்கள் எல்லாரும் பொய்யர்கள் இல்லையோ? அந்த ஒரு நிமிஷத்துக்கு அவர்களுக்கும் சரியாகத்தான் இருந்ததோ?

"எங்க இடிக்குது?" என்று அந்த உடம்புக்காரரிடம் கேட்டார். பெருவிரலில் என்று பதில் வந்தது.

இரண்டாம் முறை போனபோது, ஊசிக்கு முன்பே டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்.

"டாக்டர், போன தடவை நான் சொன்ன எண்ணை நம்பாதீங்க."

"ஏன், வலி குறையலையா?"

"தெரியல. அந்தப் பொண்ணு ஆசையா கேட்டுச்சு. நான் அதுக்காகச் சொன்னேனோ, காலுக்காகச் சொன்னேனோ, எனக்கே பிடிபடல."

டாக்டர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்தார். கோபப்படுவார் என்று இவர் நினைத்திருந்தார். "அதுக்குத்தாங்க உப்புத் தண்ணி" என்றார் டாக்டர். "நல்லவங்க நல்லெண்ணத்துல சொல்றது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான், மருந்து செஞ்சது எவ்வளவுன்னு தெரியும். உங்களை மாதிரிதான் எல்லாரும். என்ன, நீங்க வந்து சொல்றீங்க. ஆனா போன தடவை எண்ணை அழிக்க முடியாது. நீங்க சொன்னதையும் பக்கத்துல குறிச்சுக்கறேன்."

"கேள்வியை மாத்திக் கேட்கக் கூடாதா? எவ்வளவுன்னு கேட்காம, எங்கேன்னு?"

"கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான், மாத்தினா சோதனையே கெட்டுடும். பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குள்ள என்ன கேட்டுக்கறீங்கங்கிறது உங்க இஷ்டம்."

மறுபடியும் இறால், மறுபடியும் அழுத்தம். நர்ஸ் வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், அவள் முகம் தெரியக் கூடாது என்பதற்காக. 'எங்கே?' என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கிடங்கில் விளக்கு இல்லாமல் பெட்டி தேடுவது மாதிரி காலுக்குள் போனார். பெருவிரல் மேலே எரிந்தது. அடுத்த விரல், எரிந்தது. மேல்பாதம் முழுவதும் எரிந்தது. கணுக்காலுக்குக் கீழே, எரிந்தது.

"ஏழு" என்றார். கண்ணைத் திறந்தபோது நர்ஸின் முகம் வாடியிருந்தது. அவருக்குப் பாவமாக இருந்தது. அடுத்த முறையும் "ஏழு"தான். மனைவி கட்டிலருகே உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு முறை உள்ளே போனபோது, கணுக்காலுக்குக் கீழே வழக்கமான இடத்தில் எரிச்சல் இல்லை. நம்பாமல் திரும்பப் போய்ப் பார்த்தார். இல்லை. மேல்பாதத்தில் இருந்தது, ஆனால் தள்ளி, பக்கத்து வீட்டு வானொலி மாதிரி. "ஆறு" என்றார். அதற்கடுத்த முறை "அஞ்சு." அதற்குக் கீழே அன்று அவர் போகவே இல்லை. அஞ்சு என்பது பெரிய எண்ணா, சின்ன எண்ணா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் தேடி எடுத்த எண்.

நைலான் நூல் தொட்டுக்கொண்டே வந்தது. நர்ஸ் பழைய எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே, இன்னும் உள்ளே வந்துதான் புள்ளி வைத்தாள்.

"என்னங்க" என்றாள் மனைவி மெதுவாக.

"என்ன?"

"யாரோ ஃபேனைப் போட்டுட்டுப் போயிருக்காங்க. அப்போ இருந்தே சுத்துது."

அவர் மேலே பார்த்தார். விசிறி சுழன்றுகொண்டிருந்தது. காற்று காலில் பட்டுக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் பட்டுக்கொண்டிருந்தது.

"அந்தப் பையை எடு" என்றார்.

டாக்டர் வந்து கால்களில் பலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "மெதுவா" என்றார். முதலில் காலுறை. அது வெறும் துணியாக இருந்தது. இத்தனை நாள் அது துணியாக இருந்ததில்லை. மனைவி தரையில் உட்கார்ந்து ஷூவை மாட்டி லேஸைக் கட்டினாள். ஊரில் உள்ளவர்கள் காலுக்கெல்லாம் குனிந்தவருக்கு, யாரோ தன் காலுக்குக் குனிவது கூச்சமாக இருந்தது.

"கதவு வரைக்கும் போயிட்டு வாங்க" என்றாள் அவள்.

நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். வந்தார்.

"எங்க இடிக்குது?"

கேலியாகத்தான் கேட்டாள். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் தேடினார். அவள் பயந்தே போய்விட்டாள்.

"சுண்டுவிரல்ல" என்றார். "பக்கவாட்டுல. நல்லா இடிக்குது."

"ஐயோ, கழட்டிடுங்க."

"இரு, இரு. இது வலி இல்ல. கோழி இல்ல இது. இது ஷூ இடிக்குது."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லடி! இது அளவு தப்பு!"

அப்படியே கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். டாக்டருக்கும் நர்ஸுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஊசியின் விளைவோ என்று நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். உடைந்து சேர்ந்த கால் பழைய காலாக இருக்காது, கொஞ்சம் அகன்றுவிடும், இது கடைக்கு வருகிறவர்களுக்கு அவரே சொல்லும் பாடம். அடிபட்டு வந்தவர்களை அவர் பழைய அளவைச் சொல்ல விடமாட்டார், முதலில் அளக்கும் தகட்டில் காலை வைக்கச் சொல்வார். தன் இடது காலை மட்டும் அவர் அந்தத் தகட்டில் வைக்கவே இல்லை. அந்த இரும்பின் சில்லிப்பு பட்டால் உயிர் போகும் என்று பயம். பழைய அளவிலேயே ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனையோ முறை உள்ளே நுழைக்கப் பார்த்து, எரிகிறது எரிகிறது என்று கழற்றியிருக்கிறார். எரிச்சலோடு எரிச்சலாக இந்த நசுக்கலும் சேர்ந்துகொண்டிருந்தது. நெருப்புப் பிடித்த வீட்டில் குழாய் ஒழுகுவது யாருக்குத் தெரியும்?

"அளவுக்காரர்னு பேரு வேற" என்றாள் மனைவி.

நர்ஸிடம் ஓர் அளவு நாடாவை வாங்கி, இரண்டு பாதங்களையும் அங்கேயே அளந்தார்கள். இடது கால் நன்றாகவே அகன்றிருந்தது.

அன்று இரவு கூடைக்குள் கோழி திரும்பி வந்துவிட்டது. அவர் எதிர்பார்த்ததுதான். இது சோதனைதான், சிகிச்சை இல்லை என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் மறுநாள் காலை கடையைத் திறந்ததும் ஒரே மாதிரி ஷூவில் இரண்டு ஜோடிகளை எடுத்தார். ஒன்று அவருடைய பழைய அளவு, மற்றது பெரிய அளவு, அகலமானது. பழையதில் வலதையும் பெரியதில் இடதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, லேஸைத் தளர்த்திக் கட்டி, முதலாளியிடம் போனார். இடது கால் எரிந்தது. ஆனால் எரிந்தது மட்டும்தான், நசுங்கவில்லை.

முதலாளி இரண்டு கால்களையும் பார்த்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார். "அட! முடியும்னு சொன்னீங்க, முடிச்சிட்டீங்களே அண்ணே!"

"முழுசா முடியாது தம்பி. மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

"அப்படியா?" முதலாளியின் முகம் சுருங்கியது. "நாள் முழுக்க முடியும்னு சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருப்பேனே."

"நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இப்போ அப்படிச் சொல்ல வரல."

முதலாளி கழுத்தைச் சொறிந்தார். யோசித்தார். "சரி, காலைல கீழ நில்லுங்க. மத்தியானத்துக்கு மேல கிடங்குல காலை நீட்டிக்கங்க." இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தார். "அண்ணே, அப்போ மிச்சம் இருக்கிற ஜோடி? வலது பெருசு, இடது சின்னது. அதை யார் தலையில கட்டறது?"

"வச்சிருங்க தம்பி. எனக்கு நேர் எதிரா எங்கயாவது ஒருத்தர் இருப்பாரு. வலது கணுக்கால் உடைஞ்சவரு. வராமலா போயிடுவாரு?"

சோதனையில் சேர்ந்த எல்லாருடைய முறையும் முடிந்து முடிவுகளைப் பிரித்த பிறகு டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். முதல் முறை போட்டது உப்புத் தண்ணீர், இரண்டாம் முறை ஹார்மோன்.

"உப்புத் தண்ணிக்கு மூணு கொடுத்திருக்கேன், மருந்துக்கு அஞ்சுதான் கொடுத்திருக்கேன்" என்று அவர் சிரித்தார். "அப்போ மருந்து வேலை செய்யுதுன்னு சொல்லலாமா டாக்டர்?"

"உங்க ஒரு காலை வச்சு நான் அப்படிச் சொல்லக் கூடாது. நீங்க நடந்தது நிஜம். ஆனா இன்னொருத்தர் உப்புத் தண்ணியில எழுந்து நடந்தாரு, மருந்துல ஒண்ணுமே இல்லைன்னாரு. இன்னும் நிறைய பேரைப் பார்க்கணும்."

அந்த 'பார்க்கணும்' அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மனைவியிடம் இரண்டு மூன்று தடவை சொல்லிக் காட்டினார். அடுத்த சோதனைக்கும் ஆள் வேண்டுமென்றால் தன்னைக் கூப்பிடச் சொன்னார்.

அடுத்த சோதனைக்கு அவர் இல்லை. காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒரு நாள் காலை, ஷூவின் லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் என்றார்கள். அது முன்கூட்டி ஒரு புகாரும் சொல்லவில்லை.

வெகு நாள் கழித்து அவர் மனைவி கடைக்குப் போனாள். அவளுடைய ஷூ தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான் காரணம். முதலாளி ஓடி வந்து, தானே அந்த முக்காலியில் உட்கார்ந்தார். மாடிப்படி ஓரத்து மேல்தட்டில் ஒரு பெட்டி தனியாக இருப்பதை அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அண்ணனோட மிச்ச ஜோடி, இன்னும் விக்கலக்கா" என்றார். "வச்சிருக்கேன்."

புது ஷூவைப் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"சரியா இருக்காக்கா?"

"சரியா இருக்கு தம்பி" என்றாள். பாவம், அவருக்கு அப்படிக் குனிந்து உட்கார்ந்து பழக்கம் இல்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் புது ஷூவோடு கதவு வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். தெருவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி அந்த முக்காலியின் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வலது குதிகால்ல இடிக்குது தம்பி" என்றாள், யாரும் கேட்காமலே.

முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, வேறு பெட்டி எடுக்க எழுந்து போனார்.